4 யூரோ கோத் து ரோன் சிவப்பு: 11 புள்ளியா, 14 புள்ளியா?

குசினிக்காரன் (பாரிஸ்) | சனி, இரவு 11.20

உறவுகளுக்கு வணக்கம். பாரிஸில 17 வருசமா ரெஸ்ரோறன்ற் குசினியில நிக்கிறன். மாட்டிறைச்சி அவிய விடேக்க சிவப்பு வைனை லீற்றர் கணக்கில ஊத்தியிருக்கிறன். ஒரு கிளாசைக் கையில வைச்சு, யோசிச்சுக் குடிச்சது குறைவு. போன மாசம் வேலையிடத்தில எங்களுக்கு ரெண்டு நாள் வைன் வகுப்பு வைச்சவை. நிறம் பார்க்கிறது, மணந்து பார்க்கிறது, வாயில உருட்டுறது, பிறகு 20க்குப் புள்ளி போடுறது எண்டு எல்லாம் பழக்கினவை.

அந்த உற்சாகத்தில சுப்பர்மார்க்கெற்றில 4 யூரோ 20 சதத்துக்கு ஒரு கோத் து ரோன் (ரோன் ஆத்துப் பக்கத்து வைன்) சிவப்பு வாங்கினனான். 2022ஆம் ஆண்டுத் திராட்சை. கிரெனாஷ், சிரா, மூர்வேத்ர் எண்ட மூண்டு வகைத் திராட்சையும் கலந்தது. மதுச்சாரம் 14.5 வீதம். பின் லேபிளில பழுத்த சிவப்புப் பழம், மிளகு, காரீக் எண்டு போட்டிருக்கு. (காரீக் எண்டது தெற்குப் பிரான்சில தைம், ரோஸ்மரி எல்லாம் தானா முளைச்சுக் கிடக்கிற வறண்ட பத்தைக்காடு.)

வெள்ளி இரவு வேலை முடிஞ்சு வந்து தனிய இருந்து குடிச்சனான். கொப்பியில எழுதினதை அப்பிடியே போடுறன்:

நிறம்: கிளாசின்ர நடுவில கடும் சிவப்பு, விளிம்பில கொஞ்சம் ஊதா.
மணம்: நசிச்ச நாவற்பழம். அதுக்குப் பின்னால பினாட்டு (காய வைச்ச பனம்பழக் களி). கடைசியாப் புக்கே கார்னி (தைம் மாதிரி வாசனை இலைகளைச் சேர்த்துக் கட்டின சின்னக் கட்டு) ஒண்டை வெந்நீரில போட்டவுடன வாற மணம். மிளகு இல்லவே இல்லை.
வாய்: முதல் இனிப்பு மாதிரி, நடுவில புளிப்புக் குறைவு, பிறகு நாக்கின்ர ஓரத்தில கயர். தொண்டையில சாராயச் சூடு.
புள்ளி: 20க்கு 11.

மிச்சத்தைத் தக்கையால மூடிக் குளிர்பெட்டியில வைச்சனான். இண்டைக்கு மத்தியானம் என்ர மனுசி ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சினவ. பெட்டியில இருந்து எடுத்து ஒரு கால் மணித்தியாலத்தில அதே வைனை அந்தக் கறியோட குடிச்சன். சூடு இல்லை, கயர் இல்லை, பழம் மட்டும் வடிவா நிண்டது. கொப்பியைப் பார்க்காமல் 14 போட்டிட்டன்.

போத்தல் ஒண்டு, நாக்கு ஒண்டு, புள்ளி மட்டும் ரெண்டு. எது சரி? மற்றது, அந்த மிளகு எங்க? பொய்யா எழுதுறாங்களா? மலிவு வைனை எப்படி நேர்மையாத் தீர்ப்புச் சொல்லுறது எண்டு தெரிஞ்சவை சொல்லுங்கோ.

---

யாரா பள்ளத்தாக்கு (மெல்பேர்ண்) | ஞாயிறு, காலை 4.05

அண்ணை, நான் இங்க வைன் கடையில 9 வருசமா வேலை செய்யிறன். முதல் ஒரு கேள்வி: வெள்ளி இரவு அந்தப் போத்தல் எங்க இருந்தது? குசினி மேசையில எண்டால் 23, 24 பாகை இருந்திருக்கும். கிரெனாஷ் கூடின வைனை அந்தச் சூட்டில குடிச்சால் மதுச்சாரம்தான் முதல் மூக்கில ஏறும். சிவப்பு வைனை அறை வெப்பத்தில குடிக்கோணும் எண்ட பேச்சு, வீடுகள் குளிரா இருந்த காலத்தில வந்தது. இப்பத்தைய அடுக்குமாடிக்குப் பொருந்தாது. 15, 16 பாகையில வைச்சுப் பாருங்கோ. குளிர்பெட்டியில கொஞ்ச நேரம் வைச்சால் போதும். உங்கட 11க்கும் 14க்கும் நடுவில இருக்கிற வித்தியாசத்தில பாதி அதுதான் எண்டு நினைக்கிறன்.

மூண்டு திராட்சையும் ஏன் ஒண்டாப் போகுது எண்டால், கிரெனாஷ் வெயிலை நல்லாத் தாங்கும், இனிப்பு ஏறும். அதால மதுச்சாரமும் ஸ்ரோபெரி மாதிரிப் பழமும் தரும். ஆனால் தோல் மெல்லிசு, நிறம் குறைவு, காத்துப் பட்டால் கெதியா வாடும். சிரா நிறத்தையும் கயரையும் தரும். மூர்வேத்ர் பிந்திப் பழுக்கும், அதில இறைச்சி, தோல் மாதிரி ஒரு கனம் இருக்கு. ஒண்டின்ர குறையை மற்றது மூடும். இங்க ஆஸ்திரேலியாவில பரோஸா, மக்லாரன் வேலில இதே மூண்டையும் கலந்து முதலெழுத்துகளைச் சேர்த்து ஜி.எஸ்.எம். எண்டு விக்கினம்.

இங்க அந்த 4 யூரோவுக்குச் சமமான காசுக்கு இப்பிடி வைன் வராது. மொத்த வியாபார விலையில 29 வீதம் வைன் வரி, அதுக்கு மேல 10 வீதம் பொருள் சேவை வரி. பிரான்சில வைனுக்குக் கலால் வரி ஒரு போத்தலுக்கு 3 சதம் அளவுதான். மிச்சம் 20 வீத பெறுமதிசேர் வரி. அதால விலையைப் பார்த்து மலிவு எண்டு முடிவெடுக்க முதல் எந்த நாட்டு விலை எண்டு பார்க்கோணும்.

---

கம்பம் திராட்சை (நாசிக்) | ஞாயிறு, காலை 9.30

அண்ணா, நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். இப்ப நாசிக் பக்கம் ஒயின் திராட்சைத் தோட்டத்துல வேலை. உங்க குறிப்பை ரெண்டு தடவை படிச்சேன். நாவல்பழம், பினாட்டுன்னு எழுதினது ரொம்பப் பிடிச்சது. இங்க சுவைக்க வர்றவங்க பாதிப் பேர் பிளாக்கரன்ட் பழம், செடார் மரம்னு எழுதுவாங்க. அந்தப் பழத்தை வாழ்க்கையில ஒருநாளும் தின்னிருக்க மாட்டாங்க. தின்னாத பழத்தோட பேரை எழுதினா, அடுத்த மாசம் அதே குறிப்பைத் திருப்பிப் படிக்கிறப்ப அவங்களுக்கே ஒண்ணும் ஞாபகம் வராது. நாவல்பழம்னு எழுதினா எனக்கு இங்க உக்காந்தே நாக்கு ஊதா ஆகுது.

ஆனா "கயர்"னு எழுதியிருக்கீங்களே, அது கசப்பா? எங்க பக்கம் அந்த வார்த்தை இல்ல.

---

குசினிக்காரன் | ஞாயிறு, பகல் 1.10

தம்பி, கயர் எண்டது நீங்கள் சொல்லுற துவர்ப்பு. பச்சை வாழைக்காயைக் கடிச்சால், கொட்டைப்பாக்கைச் சப்பினால், வாழைப்பூவைச் சரியாக் கழுவாமல் சுண்டினால் வாயை இழுத்துப் பிடிக்குமே, அது. கைப்பு எண்டது பாகற்காய். ரெண்டும் வேற வேற.

வகுப்பில பிரெஞ்சுப் பிள்ளையள் இதில நல்லாத் தடுமாறினவை. ஆசிரியர் "இது கைப்பா, அல்லது வாய் காய்ஞ்சு போற மாதிரியா?" எண்டு திரும்பத் திரும்பக் கேட்டவர். எனக்கு ஒரு நொடி கூட யோசிக்க வேண்டி வரேல்லை. சின்ன வயசிலேயே அதுக்கு எண்டு ஒரு சொல் வாயில இருந்தது.

யாரா தம்பிக்கு: ஓம், போத்தல் அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில இருந்தது.

---

சோதனைக்குழாய் (கோயம்புத்தூர்) | ஞாயிறு, மாலை 6.45

உணவு வேதியியல் படித்தவள் என்பதால் இதில் நுழைகிறேன்.

நம் அறுசுவைக் கணக்கில் துவர்ப்பு ஒரு தனிச்சுவை. இன்றைய உடலியல் அதைச் சுவை என்று சொல்வதைவிடத் தொடுவுணர்வு என்றே பெரும்பாலும் சொல்கிறது. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின், உமிழ்நீரில் வழவழப்பைத் தரும் புரதங்களைப் பிடித்துக்கொண்டு திரண்டுவிடும். வழவழப்புப் போனதும் நாக்கும் கன்னமும் உராய்கின்றன. அதைத்தான் "இழுத்துப் பிடிக்கிறது" என்கிறோம். ஆட்டுக்கறியோடு குடித்தபோது அது மறைந்ததற்கும் இதுவே காரணம். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினை முதலில் வாங்கிக்கொள்ளும். உப்பும் துவர்ப்பைக் குறைத்துக் காட்டும்.

அடுத்தது மிளகு. குசினிக்காரன் அண்ணா, லேபிளில் எழுதியவர் பொய் சொல்லவில்லை. உங்கள் மூக்கிலும் கோளாறு இல்லை. சிராவில் வரும் அந்த மிளகு மணத்துக்குக் காரணமான பொருளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்து 2008இல் வெளியிட்டார்கள். பெயர் ரொட்டண்டோன். நம் கருமிளகில் இருப்பதும் அதே மூலக்கூறுதான். அந்த ஆய்வில் முகர்ந்து பார்த்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, கொடுத்ததில் மிக உயர்ந்த அளவிலும் அதன் மணமே தெரியவில்லை. மிளகில் வேறு மணப்பொருள்களும் இருப்பதால் அவர்களுக்கும் மிளகு மிளகாகவே மணக்கும். வைனில் அந்த மற்றப் பொருள்கள் இல்லாததால் அங்கே மட்டும் வெறுமையாக இருக்கும். நீங்கள் அந்த ஐந்தில் ஒருவராக இருக்கலாம். வீட்டில் அக்காவிடம் (உங்கள் மனைவியிடம்) கொடுத்து முகரச் சொல்லுங்கள்.

இனி நேர்மையான தீர்ப்பு பற்றி. விலையும் லேபிளும் தெரிந்து குடித்தால் நாம் சுவைப்பது பாதி மூளையில் இருப்பதைத்தான். பிரான்சிலேயே, போர்தோவில், 54 வைனியல் மாணவர்களுக்கு மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கிய வெள்ளை வைனைக் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு வைனுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். 2001இல் வெளிவந்த ஆய்வு. கலிபோர்னியாவில் ஒரு பெரிய போட்டியில் ஒரே வைனை நடுவர்களுக்குத் தெரியாமல் மூன்று முறை கொடுத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் மூன்று முறையும் ஒரே பதக்கத் தரத்துக்குள் புள்ளி போட்டார். தொழில்முறை நடுவர்களே அப்படி என்றால், நீங்கள் 11, 14 போட்டதற்கு வருந்தத் தேவையில்லை.

எந்த வைன் என்று தெரியாதபடி போத்தலை மூடிவைத்துச் சோதியுங்கள். அதற்கு முன் ஒரு முக்கோணச் சோதனை: மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே வைன், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். அதுவே தெரியாவிட்டால் எது நல்லது என்ற கேள்விக்கே இடமில்லை.

---

லாச்சப்பல் வாசி (பாரிஸ்) | ஞாயிறு, இரவு 10.15

எனக்கு ஒரு அனுபவம். இதே விலைக் கோத் து ரோன் ஒண்டை சூடை மீன் பொரியலோட குடிச்சன். வாயெல்லாம் இரும்புத் துண்டைச் சப்பின மாதிரிப் போச்சு. வைன் பழுதெண்டு கழுவுதொட்டியில ஊத்திட்டன். பழுதுதானா?

---

சோதனைக்குழாய் | திங்கள், காலை 7.20

பழுதாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. வைனில் கரைந்திருக்கும் இரும்பு, மீன் எண்ணெயோடு சேரும்போது அந்த நாற்றம் உண்டாவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். இரும்பு கூடுதலாக இருக்கும் வைன் எதிலும் இது வரும். சிவப்பில் அதிகம் வரும். கொழுப்பு மிகுந்த மீனாக இருந்தால் இன்னும் கூடும். அந்தப் போத்தலை ஒரு துண்டு இறைச்சியோடு குடித்திருந்தால் ஊற்றியிருக்க மாட்டீர்கள்.

---

செங்காந்தள் (மதுரை) | திங்கள், காலை 10.40

இந்த இழையை முழுசாப் படிச்சேன். மனசுல பட்டதைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எங்க தெருவுல மட்டும் குடியால மூணு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துச்சு. எங்க சித்தப்பாவை அதுலதான் பறிகொடுத்தோம். நாவல்பழம், பினாட்டுன்னு இவ்வளவு அழகான வார்த்தைகளை மதுவுக்குப் போட்டு எழுதுறப்ப, படிக்கிற சின்னப் பசங்களுக்கு அது என்னவாத் தெரியும்?

---

குசினிக்காரன் | திங்கள், பகல் 3.30

தங்கச்சி, கோவம் ஒண்டும் இல்லை. சித்தப்பாவை நினைக்கக் கவலையா இருக்கு. எங்கட ஊரிலயும் தவறணைக்குப் போய்த் திரும்பாத ஆக்களை எனக்குத் தெரியும். அப்பாவின்ர தம்பி ஒருத்தர் அதில ஒராள்.

இங்க பிரான்சில அரசாங்கமே சொல்லுறது: கிழமைக்கு 10 கிளாசுக்கு மேல வேண்டாம், ஒரு நாளைக்கு 2க்கு மேல வேண்டாம், குடியாத நாளும் இருக்கோணும். அந்தக் கிளாஸ் எண்டது 10 கிராம் மதுச்சாரம். என்ர 14.5 வீதப் போத்தலைக் கணக்குப் பார்த்தன், எட்டரைக் கிளாஸ் வருது. அது எனக்கே அதிர்ச்சி. ஒரு போத்தலை ரெண்டு பேர் ஒரே இரவில முடிச்சால் ரெண்டு பேருமே எல்லையைத் தாண்டியாச்சு.

வகுப்பில எங்களுக்கு முதல் நாள் பழக்கினது துப்புறது. சுவைக்கிற ஆள் விழுங்கிறேல்லை. நான் இனிச் செய்யப்போற சோதனையையும் அப்பிடித்தான் செய்வன். நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. இந்த இழைக்குள்ளேயே அது இருக்கட்டும்.

---

செங்காந்தள் | திங்கள், மாலை 5.05

பதில் சொன்னதுக்கு நன்றிண்ணா. துப்புறது பத்தித் தெரியாது.

---

கம்பம் திராட்சை | செவ்வாய், இரவு 9.00

அண்ணா, சோதனை பண்றதுக்கு முன்னாடி மலிவு விலை எங்கிருந்து வருதுன்னு கொஞ்சம் பார்த்துடுங்க. அது தெரிஞ்சா எதைக் குறையாச் சொல்லணும், எதை விட்டுடணும்னு புரியும்.

கோத் து ரோன் 1937லயே சட்டம் போட்டு வரையறுத்த பேரு. ஹெக்டேருக்கு 51 ஹெக்டோலிட்டர் (ஒரு ஹெக்டோலிட்டர் 100 லிட்டர்) வரைக்கும் எடுக்கலாம். பக்கத்துலயே இருக்கிற, பேர்போன ஒயின் ஊரான ஷாத்தோனெஃப் து பாப்ல 35தான். அதாவது ஒரே பரப்புல நீங்க வாங்கினதுல கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு ஒயின் வருது. அடுத்தது, இந்த விலையில வர்றது பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கத்துல, காங்கிரீட் அல்லது எஃகுத் தொட்டியில செய்றது. ஓக் பீப்பாய்ச் செலவு இல்ல. அது குறையே இல்ல, கிரெனாஷுக்கு பீப்பாய் இல்லாம இருக்கிறதே நல்லதுன்னு நினைக்கிறவன் நான். பழம் மூடிப் போகாது.

நான் மலிவு ஒயின்ல தேடுற குறை வேற. பழுக்காத திராட்சையோட பச்சை வாடை. அளவுக்கு மீறி வேகவச்ச ஜாம் வாடை. காடி ஏறுன சுள்ளுன்னு மணம். மாட்டுத்தொழுவ வாடை (அது பிரெட்டானோமைசஸ்னு ஒரு ஈஸ்ட், தெற்கு ரோன்ல அடிக்கடி வரும், கொஞ்சமா இருந்தா சில பேருக்குப் பிடிக்கும்). நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை வந்தா அது தக்கைக் கோளாறு, அந்தப் போத்தலை வச்சு அந்த ஒயினை எடை போடவே கூடாது. முட்டை வாடை வந்தா மட்டும் பயப்படாதீங்க, கிளாஸ்ல சுத்திவிட்டா பாதி நேரம் போயிடும்.

இன்னொண்ணு இனிப்பு. நீங்க "முதல் இனிப்பு மாதிரி"ன்னு எழுதியிருக்கீங்க. அது பழுத்த பழமும் மதுச்சாரமும் சேர்ந்து காட்டுற இனிப்பா, இல்ல சர்க்கரை மிச்சம் இருக்கான்னு பாருங்க. 2023 டிசம்பர் 8க்கு அப்புறம் செஞ்ச ஒயினா இருந்தா சத்து விவரம் லேபிள்லயோ அதுல இருக்கிற க்யூ.ஆர். கட்டத்துலயோ இருக்கணும், அதுல சர்க்கரை அளவு தெரியும். உங்களோடது 2022, அதுல இருக்கணும்னு கட்டாயம் இல்ல. நாக்குதான் சொல்லணும். மூக்கைப் பொத்திக்கிட்டு ஒரு வாய் வைங்க. பழ மணம் போனதும் இனிப்பும் போயிட்டா அது சர்க்கரை இல்ல.

---

லாச்சப்பல் வாசி | செவ்வாய், இரவு 9.40

லேபிளில தங்கப் பதக்கம் ஒட்டியிருந்தால் நம்பலாமா? "பழைய கொடி", "கிராண்ட் வாங்" (பெரிய வைன்) எண்டும் போடுறாங்கள்.

---

யாரா பள்ளத்தாக்கு | புதன், காலை 3.50

"பழைய கொடி" எண்டதுக்கும் "கிராண்ட் வாங்" எண்டதுக்கும் பிரான்சில இத்தனை வருசம், இவ்வளவு தரம் எண்டு சட்ட வரையறை இல்லை. பதக்கத்தில போட்டியின்ர பெயரைப் பாருங்கோ. பாரிஸில நடக்கிற கொங்கூர் ஜெனரால் அக்ரிகோல் 1870இல இருந்து நடக்குது, மூடிவைச்சுத்தான் சுவைக்கினம். பிரான்சில ஒரு போட்டியில வந்த வைன்களில மூண்டில ஒரு பங்குக்கு மேல பதக்கம் குடுக்கவும் ஏலாது. ஆனால் சோதனைக்குழாய் அக்கா சொன்ன நடுவர் கதையையும் பக்கத்தில வைச்சுக்கொள்ளுங்கோ. என்ர அனுபவத்தில பதக்கம் எண்டால் அந்தப் போத்தலில பெரிய பழுது இல்லை எண்டு எடுக்கலாம். அதுக்கு மேல நான் எடுக்கிறேல்லை.

---

குசினிக்காரன் | இரண்டு கிழமை கழிச்சு, ஞாயிறு, இரவு 11.50

சோதனை முடிஞ்சுது. நீளமா எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

மூண்டு போத்தல். அதே 4.20 யூரோ கோத் து ரோன். 7.50க்கு ஒரு கோத் து ரோன் வில்லாஜ் (அதுக்கு ஒரு படி மேல உள்ள தரம்), அதில சிரா கூட எண்டு கடைக்காரர் சொன்னவர். 15 யூரோவுக்கு ஒரு வக்கேராஸ் (அதே ரோன் பக்கத்தில தன்ர ஊர்ப் பெயரிலேயே வாற வைன்). மூண்டும் அதே 2022. மச்சான் பழைய பேப்பரால சுத்தி, தக்கையையும் தானே கழட்டி, அ, ஆ, இ எண்டு எழுதினவர். அவர் சுவைக்கேல்லை. நான், மனுசி, மனுசியின்ர சிநேகிதி, வேலையிடத்தில இருந்து ஒரு பிரெஞ்சுப் பொடியன் எண்டு நாலு பேர். மூண்டும் 16 பாகை, குசினி வெப்பமானியால அளந்தது. எல்லாருக்கும் துப்புறதுக்கு ஒரு கோப்பை.

முதல் முக்கோணச் சோதனை, மலிவுப் போத்தலுக்கும் வில்லாஜுக்கும். ஆறு சுற்று. ஒவ்வொரு கிளாசிலயும் ரெண்டு மேசைக்கரண்டி அளவு. நான் 6இல 4 சரி. மனுசி 6இல 6. கிளாசை மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனவுடனேயே சொல்லிப்போட்டு, வாயில வைக்கவும் மாட்டன் எண்டு நிண்டவ. எப்பிடி எண்டு கேட்டன். "இதில ரசத்துக்கு மிளகு தட்டின மணம் வருது, மற்றதில அது சாடையாத்தான் இருக்கு. உங்களுக்கு வரேல்லையா?" எண்டு கேட்டவ.

எனக்கு வரேல்லை. நாலு தரம் மணந்தும் வரேல்லை. வீட்டில மிளகு அரைக்கிறது நான்தான். அந்த மணம் எனக்கு எவ்வளவு பிடிக்கும் எண்டு அவவுக்குத் தெரியும். 20 வருசமா ஒரே பானையில இருந்து ரசம் குடிக்கிறம். அதுக்குள்ள அவவுக்கு வாற ஒரு மணம் எனக்கு வராமலே இருந்திருக்கு எண்டது அண்டைக்குத்தான் ரெண்டு பேருக்கும் விளங்கினது. கன நேரம் வைனை விட்டிட்டு அதைத்தான் கதைச்சம்.

பிறகு புள்ளி. வெறும் பாணோட:

மலிவு: நான் 12, மனுசி 11, சிநேகிதி 12, பொடியன் 12.5.
வில்லாஜ்: நான் 13.5, மனுசி 16, சிநேகிதி 14, பொடியன் 14.
வக்கேராஸ்: நான் 13, மனுசி 13, சிநேகிதி 12, பொடியன் 16.

தம்பி சொன்ன மாதிரி மூக்கைப் பொத்திப் பார்த்தன். மலிவில இனிப்பு முழுசாப் போகுது. சர்க்கரை இல்லை, பழம்தான். காடி இல்லை, தொழுவம் இல்லை, பச்சை வாடை இல்லை. குறை எண்டு சொன்னால் விழுங்கின கையோட முடிஞ்சு போகுது, வாயில ஒண்டும் நிக்கிறேல்லை. வக்கேராஸில கயர் முரட்டுத்தனமா இருந்தது, மரவாடையும் இருந்தது. எனக்குப் பழம் தெரியேல்லை.

அதுக்குப் பிறகு சாப்பாடு. ஆட்டிறைச்சிக் கறி, உறைப்பு எங்கட வழக்கமான அளவு, புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி. பேப்பரைக் கழட்டாமல் திரும்பப் புள்ளி போட்டம். மலிவு எனக்கு 14.5, மனுசிக்கு 13, சிநேகிதிக்கு 15, பொடியனுக்கு 14. வக்கேராஸ் எல்லாருக்கும் விழுந்தது. பொடியன் கூட 12க்கு வந்திட்டான். உறைப்பு நாக்கில இருக்கேக்க அதின்ர மதுச்சாரமும் கயரும் சேர்ந்து நெருப்பா எரிஞ்சுது. மலிவில கயர் குறைவு, குளிரா இருந்தது, பழம் முன்னுக்கு வந்தது. பால்கறியோட எல்லாத்தையும் விட அதுதான் நல்லா இருந்தது. வில்லாஜ் ரெண்டுக்கும் நடுவில நிண்டது. ஆனால் மனுசி மட்டும் அசையேல்லை, அவவுக்குக் கறியோடயும் வில்லாஜ்தான் முதல்.

பேப்பரைக் கழட்டேக்க பொடியன் தன்ர கையில இருந்த மலிவுப் போத்தலின்ர விலையைக் கேட்டிட்டு, உடனே தன்ர 14ஐ வெட்டி 13 எண்டு எழுதப் பார்த்தான். மச்சான் பேனையைப் பறிச்சுப் போட்டார்.

---

சோதனைக்குழாய் | திங்கள், காலை 6.55

மச்சான் செய்ததுதான் சரி.

கணக்குச் சொல்கிறேன். முக்கோணச் சோதனையில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒன்று சரியாகும். ஆறும் தற்செயலாகச் சரியாக வர 729இல் ஒரு வாய்ப்புதான். அக்காவின் மூக்கு மெய்யாகவே பிரித்தறிகிறது. உங்களுடையது 6இல் 4. அந்த அளவோ அதற்கு மேலோ தற்செயலாக வர 729இல் 73 வாய்ப்பு, அதாவது பத்தில் ஒன்று. பிரித்தறிகிறீர்கள் என்று உறுதியாகச் சொல்ல இது போதாது. இன்னும் சில சுற்று வேண்டும்.

அக்காவின் 16ஐயும் உங்கள் 13.5ஐயும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். ஒரே வைனில் அவருக்கு இருக்கும் ஒரு பொருள் உங்களுக்கு இல்லவே இல்லை. நீங்கள் வேறு வைன் குடிக்கிறீர்கள், அவர் வேறு வைன் குடிக்கிறார்.

---

கம்பம் திராட்சை | திங்கள், இரவு 8.10

அண்ணா, இதைப் படிச்சதும் எனக்கு ஒண்ணு தோணுது. இங்க சுவைக் குழுவுல ஒருத்தர் சிராவுக்கு எப்பவும் புள்ளி குறைச்சே போடுவார். பிடிவாதக்காரர்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். நாளைக்கே அவருக்கு முக்கோணம் வைக்கிறேன்.

வக்கேராஸை அவசரமா முடிவு கட்டாதீங்கன்னு மட்டும் சொல்லுவேன். மிச்சம் இருக்கா?

---

யாரா பள்ளத்தாக்கு | செவ்வாய், காலை 4.30

நானும் அதைத்தான் கேட்க வந்தனான். 2022 ரோனில கடும் வெயில், வறட்சி. அப்பிடி ஆண்டில கயர் தடிப்பா வரும். தக்கையைக் கழட்டின உடன குடிச்சால் அதுக்கு நியாயம் செய்யேல்லை. மலிவு வைன் இண்டைக்குத் திறந்து இண்டைக்கே குடிக்க எண்டு செய்தது, அதுக்கு அந்த நேரம் பொருந்தும்.

---

குசினிக்காரன் | புதன், இரவு 11.35

மூண்டிலயும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. குளிர்பெட்டியில மூண்டு நாள் மூடிக் கிடந்ததை இண்டைக்கு வேலை முடிஞ்சு வந்து எடுத்து, 16 பாகைக்கு வர விட்டிட்டுப் பார்த்தன். கறி இல்லை, ஒரு துண்டு கொந்தே சீஸ் மட்டும். மச்சான் நித்திரை, அதால இது மூடிவைச்ச சோதனை இல்லை எண்டதையும் சொல்லிப்போடுறன்.

மலிவு போயிட்டுது. பழம் இல்லை, ஓரத்தில காடி மணம் ஏறத் தொடங்கீட்டுது. நாளைக்கு இறைச்சி அவிக்க அதைத்தான் ஊத்துவன். வில்லாஜ் கொஞ்சம் வாடி நிக்குது. மனுசி வந்து மணந்து பார்த்திட்டு மிளகு இன்னும் இருக்கு எண்டு சொல்லிப்போட்டுப் போனவ.

வக்கேராஸ் திறந்திட்டுது. மரவாடை பின்னுக்குப் போய், காய்ஞ்ச அத்திப்பழம், புக்கே கார்னி, கடைசியில மழை பெய்ஞ்ச செம்மண் மாதிரி ஒண்டு. கயர் இருக்கு, ஆனால் இண்டைக்கு அது வெறுந்தேத்தண்ணிக் கயர், பாக்குக் கயர் இல்லை. விழுங்கின பிறகும் நான் இதை எழுதுற வரைக்கும் வாயில நிக்குது.

கொப்பியில 13ஐ வெட்டேல்லை. அதுக்குப் பக்கத்தில எழுதியிருக்கிறன்: மூண்டாம் நாள், 16 பாகை, சீஸோட, விலை தெரிஞ்சு, 16. மலிவின்ர பக்கத்திலயும் முதல் எழுதின 11க்கும் 14க்கும் கீழ அப்பிடியே எழுதினன்: அடுப்புப் பக்கம், 24 பாகை, தனிய. குளிர்பெட்டி, ஆட்டிறைச்சிக் கறியோட.

அடுத்த சம்பளத்துக்கு வில்லாஜில ஆறு போத்தல் எடுக்கப்போறம். அது அவவின்ர முடிவு.